விழும் மரத்துக்கு உத்தரவாதி யார்?



ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால் நம் கரையோர ஊர்களில் ஆண்டுதோறும் கேட்கிற செய்தி ஒன்று உண்டு. இன்ன தெருவில் மரம் சாய்ந்தது, இன்னார் வீட்டு ஓடு நொறுங்கியது, சில வேளைகளில் இன்னார் மாண்டார் என்பார்கள். கூடி நின்று பார்க்கிறவர்கள் பெருமூச்சு விட்டு, "என்ன செய்வது, எல்லாம் ஆண்டவன் செயல்" என்று சொல்லிக் கலைந்து போகிறார்கள். நீதிமன்றங்களிலும் இதே சொல்தான் வழங்குகிறது. மனிதர் எவரும் முன்னறிந்து தடுக்க முடியாத இயற்கை விபத்தை வழக்கறிஞர்கள் "கடவுள் செயல்" என்றே அழைக்கிறார்கள்.

இந்தச் சொல்லை எதுவரையில் உண்மையோடு சொல்லலாம்? எந்த இடத்தில் அது நமது அசட்டையை மூடும் போர்வையாகிறது? இதைச் சற்று ஆராய்வது நலம். ஆராய்வதற்கு முன் மரம் எப்படி நிற்கிறது, எதனால் விழுகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். காரணம் அறியாதவன் பொறுப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மரம் நிற்பது எப்படி?

மரம் மேலே எவ்வளவு உயரமோ வேரும் கீழே அவ்வளவு ஆழம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. பெரும்பாலான மரங்களுக்கு வேர்களில் பெரும்பங்கு நிலத்தின் மேல் இரண்டு மூன்று அடிக்குள்ளேயே இருக்கிறது. வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணில் காற்று நடமாடுவது மேல்புறத்தில்தான். ஆகவே வேர்கள் பக்கவாட்டில் ஓடி, கிளைகள் விரிக்கும் நிழலையும் தாண்டிச் செல்கின்றன. இளங்கன்றுக்கு ஆணிவேர் இருந்தாலும், முதிர்ந்த மரத்தைப் பெரும்பாலும் தாங்குகிறவை பக்கவேர்களும் அவை இறுகப் பிடித்திருக்கும் மண்ணுமே. தென்னைக்கோ ஆணிவேர் என்பதே கிடையாது. அதன் தூரிலிருந்து கயிறு கயிறாகப் புறப்படும் சல்லிவேர்களே அத்தனை உயரத்தையும் நிறுத்தி வைக்கின்றன.

எனவே மரம் ஆழத்தில் அடித்த முளைபோல் நிற்கவில்லை. அகன்ற அடித்தட்டின்மேல் நிற்கும் குத்துவிளக்கைப்போல் நிற்கிறது. காற்று ஒரு பக்கம் தள்ளும்போது, காற்று வரும் பக்கத்து வேர்கள் பந்தற்கயிறுபோல் இழுத்துப் பிடிக்கின்றன. எதிர்ப்பக்கத்து வேர்கள் முட்டுக்கொடுக்கின்றன. வேர்கள் சுமந்திருக்கும் மண்ணின் பாரம் மரத்தைக் கீழே அழுத்தி வைக்கிறது. இந்த மூன்றுக்கும் மண்ணின் பிடிப்பே உயிர். மண் பிடியை விட்டால் வேர் எவ்வளவு உறுதியாயிருந்தும் பயனில்லை.

மண் பிடியை விடுவது எப்பொழுது? கடற்கரையில் மணல்வீடு கட்டும் சிறுவர்களைக் கேளுங்கள். காய்ந்த மணலில் வீடு நிற்காது. சற்று ஈரமான மணலில் அழகாய் நிற்கும். அலை வந்து நனைத்துவிட்டால் அந்த நொடியே கரைந்து உட்காரும். ஈரம் சிறிதளவாய் இருக்கும்போது மணிக்கு மணி ஒட்டியிருக்கும் நீர்ப்படலம் மண்ணை இழுத்துச் சேர்க்கிறது. இடைவெளி முழுவதையும் நீர் நிரப்பிவிட்டால் அந்த இழுப்பு இல்லாமற்போகிறது. அதோடு, மேலுள்ள பாரத்தில் ஒரு பங்கை நீரே தாங்கிக்கொள்வதால் மண்மணிகள் ஒன்றையொன்று அழுந்தப் பற்றுவதும் குறைகிறது. வேர்களுக்கடியில் நிலம் சேறாகிறது.

களிமண் வேறொரு விதத்தில் ஏமாற்றும். கோடையில் செங்கல்போல் இறுகி வெடிப்பு விடும். அந்த வெடிப்புகளில் மெல்லிய வேர்கள் அறுபடும். மழையில் ஊறிப் பருத்துக் குயவன் பிசைந்த மண்போல் வழுக்கும். கரிசலில் இந்தச் சுருக்கமும் பெருக்கமும் மிக அதிகம். அடியில் பாறையோ இறுகிய சரளையோ உள்ள செம்மண்ணில் வேர் ஆழம் போகாமல் பாய்போல் மேலாகப் பரவுகிறது. மழைநீரும் கீழே இறங்காமல் அங்கேயே தேங்குகிறது. நிலத்தடி நீர் மேலே நிற்கும் ஆற்றுப்படுகையில் வேர் மூச்சுக்காக மேலேயே தங்கிவிடுகிறது. வாரக்கணக்கில் தண்ணீர் கட்டிக்கிடந்தால் வேர் அழுகவும் தொடங்கும். ஆற்றங்கரை மரத்தை நிலையாத வாழ்வுக்கு உவமையாக ஔவையார் நல்வழியில் வைத்தது கண்ணால் கண்ட உண்மையே.

வறண்ட நிலத்தில் பெருங்காற்று அடித்தால் பெரும்பாலும் கிளை முறியும், அல்லது நடுமரம் ஒடியும். ஊறிய நிலத்தில் அதே காற்றோ, அதைவிட மெல்லிய காற்றோ, மரத்தை வேரோடும் மண்ணோடும் பெயர்த்துச் சாய்த்துவிடும். ஆகையால் முதல் மழையைவிட, பல நாள் மழைக்குப் பின் வரும் காற்றே அதிக ஆபத்தானது. மழை விட்டு வானம் வெளுத்த பிறகும் மண் உடனே இறுகிவிடுவதில்லை. புயலின் மையம் ஓர் ஊரைக் கடக்கும்போது காற்று சற்று அடங்கி, பிறகு எதிர்த்திசையிலிருந்து வீசும். முதற்காற்று தளர்த்திய மரத்தை இரண்டாம் காற்று வீழ்த்தும்.

நாம் கண்ட புயல்களே இதற்குச் சாட்சி. 2011 டிசம்பர் 30இல் வந்த தானே புயலில் கடலூர்ப் பகுதியின் முந்திரியும் பலாவும் வீழ்ந்தன. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் குமரி மாவட்டத்து ரப்பரையும் வாழையையும் அழித்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயல், டெல்டாவின் தென்னந்தோப்புகளை ஒரே இரவில் தரையோடு தரையாக்கியது.

மண்ணைக் கெடுப்பது யார்?

கஜாவைப் போன்ற காற்றுக்கு முன் நல்ல மரமும் விழும். அங்கே "கடவுள் செயல்" என்று சொல்வதில் பொய்யில்லை. ஆனால் நம் தெருக்களில் விழும் மரங்களில் எத்தனையோ, அப்படிப்பட்ட காற்றைக் காணாமலே விழுகின்றன. அவற்றின் தூரைச் சென்று பார்த்தால் மனிதனுடைய கைவேலை தெரியும்.

மதில் எழுப்ப வானம் தோண்டும்போது குறுக்கே வந்த வேரைக் கோடரியால் வெட்டியிருப்பார்கள். குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் மரத்தை ஒட்டியே பள்ளம் எடுத்திருப்பார்கள். முற்றம் சுத்தமாயிருக்கட்டும் என்று தூர்வரையில் சிமெண்டு போட்டு வேரின் மூச்சை அடைத்திருப்பார்கள். வீட்டு மனையை மேடாக்கக் கொட்டிய மண் தூரைச் சுற்றி இரண்டடி ஏறி, அடிமரத்தைப் புழுங்க வைத்திருக்கும். கூரைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் ஆண்டு முழுவதும் வேரிலேயே விழும்படி விட்டிருப்பார்கள். மின்கம்பிக்காக ஒரு பக்கத்துக் கிளைகளை மட்டும் கழித்து, மரத்தின் பாரத்தை மறுபக்கம் தள்ளியிருப்பார்கள்.

இவற்றில் மிகக் கொடியது வேரை வெட்டுவது. அடிமரத்தின் குறுக்களவைப்போல் 12 மடங்கு தூரத்துக்குள் பள்ளம் தோண்டலாகாது என்பது மர வல்லுநர்கள் கைக்கொள்ளும் கணக்கு. ஓரடிக் குறுக்களவுள்ள மரத்துக்குச் சுற்றிலும் 12 அடி. நம் வீடுகளில் 2 அடி விடுகிறவர்களே அபூர்வம்!

வெட்டிய வேருக்கு மரம் உடனே பழிவாங்குவதில்லை. அடுத்த மாதமும் தழைக்கிறது. அடுத்த ஆண்டும் பூக்கிறது. நான்கைந்து ஆண்டு கழித்து, மண் ஊறிய ஓர் இரவில், கயிறறுந்த பந்தலைப்போல் சாய்கிறது. செயலுக்கும் விளைவுக்கும் இடையே இவ்வளவு காலம் ஓடிவிடுவதால் செய்தவன் மறந்துவிடுகிறான். காற்றின்மேல் பழி விழுகிறது. ஆகவே மரம் விழுந்த இரவில் பொறுப்பைத் தேடினால் கிடைக்காது. மண் காய்ந்திருந்த நாட்களில், ஒருவரும் அஞ்சாமல் மரத்தடியில் நிழல் காய்ந்துகொண்டிருந்த நாட்களில், அதைத் தேட வேண்டும்.

அறியாமை மன்னிப்புத் தருமா?

"எனக்குத் தெரியாது" என்பது நம்மில் பலருடைய மறுமொழி. அறநூலார் அறியாமையை இரண்டாகப் பிரிப்பார்கள். எவ்வளவு முயன்றும் அறிந்திருக்க முடியாதது வெல்ல முடியாத அறியாமை, அதற்குக் குற்றமில்லை. கேட்டால், பார்த்தால், சற்றுக் குனிந்தால் அறிந்திருக்கக்கூடியது வெல்லக்கூடிய அறியாமை. அறியும் கடமை உள்ளவன் அறியாமல் இருந்தால் அந்த அறியாமையே அவன் குற்றம். அர்ச். தோமாஸ் அக்குயினாஸ், விவேகம் என்னும் புண்ணியத்தின் பகுதிகளுக்குள் முன்னோக்கிப் பார்த்தலையே தலையாயதாக வைக்கிறார். நடந்தபின் வருந்துகிறவனை விவேகி என்று எவரும் சொல்வதில்லை.

நீதிமன்றமும் இதே கோட்டைத்தான் கிழித்திருக்கிறது. இங்கிலாந்தில் சாலைக்கு மேலே நீண்டிருந்த ஒரு பீச் மரக்கிளை முறிந்து மோட்டார் வண்டியின்மேல் விழுந்தது. 1926இல் அந்த வழக்கு மேல்முறையீட்டில் தீர்ந்தபோது மரத்தின் சொந்தக்காரர் பொறுப்பாளி அல்லர் என்று தீர்ப்பாயிற்று. கிளைக்குள்ளிருந்த விரிசல் நியாயமான சோதனையிலும் தெரியக்கூடியதாக இல்லை என்பதே காரணம். இந்தத் தீர்ப்பைக் கேட்டு நிம்மதி அடைகிறவர்கள் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மறைந்திருந்த விரிசலுக்குத்தான் மன்னிப்பு. வெளியே தெரிந்த சாய்வுக்கும் பிளந்த மண்ணுக்கும் அங்கே இடமில்லை.

நம் நாட்டுச் சட்டத்திலும் இதற்கு வழி இருக்கிறது. விழுந்து தீங்கு செய்யக்கூடிய நிலையில் மரம் நின்றால், அதை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ உரியவருக்குக் கட்டளையிட கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவருக்கு அதிகாரம் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவாக இருந்த இது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவாக விளங்குகிறது. சட்டங்களுக்கெல்லாம் முந்தியே உபாகம ஆகமம், புதுவீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும், எவனாவது விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டைச் சேரும் என்று விதித்தது. நம் வீடு பிறனுக்கு ஆபத்தாகக் கூடாது என்பதே அதன் கருத்து. மாடிக்குச் சொன்னது மரத்துக்கும் பொருந்தும்.

மூன்று வழக்குகள்

முதலாவது. ஒருவர் மதில் கட்டும்போது வேம்பின் கீழ்ப்புறத்து வேர்களை வெட்டச் சொன்னார். கொத்தனார் ஒரு பேச்சும் பேசாமல் வெட்டினார். ஐந்தாம் ஆண்டு மழையில் மரம் மதிலுக்கு வெளியே இருந்த குடிசையின்மேல் விழுந்தது. இவர் காற்றைக் காரணம் காட்டித் தப்ப முடியுமா? முடியாது. வேர் வெட்டுண்ட மரம் தளரும் என்பது எந்தக் குடியானவனும் அறிந்தது, கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். குடிசையைக் கட்டிக்கொடுப்பது இவர் செய்யும் தர்மம் அன்று, நீதியின்படி தரவேண்டிய ஈடு. ஆபத்தை அறிந்தும் கூலிக்காக வாயை மூடிக்கொண்ட கொத்தனாருக்கும் அதில் பங்கு உண்டு.

இரண்டாவது. ஒரு கைம்பெண்ணின் தென்னை பக்கத்து வீட்டுக் கூரையின்மேல் சாய்ந்திருக்கிறது. சாய்வு ஆண்டுக்காண்டு கூடுகிறது. காய் விற்று வரும் காசு அவளுக்குச் சோறு. மரம் ஏறி வெட்டுகிறவனுக்குக் கொடுக்கக் கையில் பணமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வசதியுள்ளவர். "உன் மரம், நீ வெட்டு" என்கிறார். சட்டப்படி அவர் சொல்வது சரியாயிருக்கலாம். ஆயினும் நீதி, மரம் யாருடையது என்று கேட்கும். பிறரன்பு, தலை யாருடையது என்று கேட்கும். அவள் மரத்தை எடுக்க இசைய வேண்டும். அவர் கூலியைக் கொடுத்து, முடிந்தால் தள்ளியிருக்கும் இடத்தில் புதுக்கன்று ஒன்றும் வைத்துக்கொடுக்க வேண்டும். செலவு முழுவதும் ஏழையின் தலையில் விழுமானால் அவள் மரத்தை மறைத்து நாளைக் கடத்துவாள். முடிவில் இருவருக்கும் கேடு.

மூன்றாவது. பள்ளிக்கூடம், சத்திரம், கோவில் வளாகம் ஆகிய பொது இடங்களில் நிற்கும் மரம். எல்லாருக்கும் சொந்தமானதை ஒருவரும் கவனிப்பதில்லை. குழந்தைகள் அதன் அடியில் விளையாடுகிறார்கள். திருநாளில் நூற்றுக்கணக்கானோர் அங்கே உட்காருகிறார்கள். இந்த மரத்துக்கு இன்னார் உத்தரவாதி என்று பெயர் குறித்து வைக்காத நிர்வாகம், விபத்து நடந்த அன்று ஒருவரையொருவர் கைகாட்டும். கோவில் வளாகத்து மரத்துக்குப் பங்குக் குருவே உத்தரவாதி என்பதை இங்கே எழுதியே வைக்கிறேன்.

அப்படியானால் எல்லாவற்றையும் வெட்டிவிடலாமா?

கூடாது. அசட்டை விவேகத்துக்குப் பகையென்றால் பீதியும் அதற்குப் பகையே. மரம் வெயிலைத் தணிக்கிறது, காற்றின் வேகத்தை உடைக்கிறது, மண்ணிலுள்ள மிகுதியான நீரை உறிஞ்சுகிறது. கூட்டமாய் வளர்ந்தவற்றில் ஓரத்து மரத்தை வெட்டினால், அதுவரை காற்றுப் படாமல் வளர்ந்த உள்மரம் திடீரென்று காற்றை எதிர்கொண்டு விழும். களிமண் நிலத்தில் வீட்டை ஒட்டிய பெருமரத்தை அகற்றினால், அது குடித்துவந்த நீர் மண்ணிலேயே தங்கி, மண் பருத்து அஸ்திவாரத்தைத் தூக்கிச் சுவரில் வெடிப்பு உண்டாக்குவதும் உண்டு. சுவிசேஷத்தில் வரும் தோட்டக்காரன் காய்க்காத அத்திமரத்துக்கு இன்னும் ஓராண்டு தவணை கேட்டான். கேட்டதோடு நில்லாமல் அதன் தூரைக் கொத்தி எருவிடுவதாகவும் சொன்னான். தவணையும் உழைப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

ஆகவே ஆடி ஆவணியில், மண் காய்ந்திருக்கும்போதே, ஒவ்வொரு குடும்பத் தலைவரும் தம் வீட்டு மரங்களை ஒருமுறை சுற்றி வந்து பார்ப்பாராக.

1. தூரைச் சுற்றி வளைவாக மண் பிளந்திருக்கிறதா? ஒரு பக்கம் மண் மேலெழும்பியிருக்கிறதா? காற்று வீசும்போது அந்த இடம் அசைகிறதா? இது ஆபத்தின் முதல் அடையாளம்.

2. சாய்வு பழையதா, புதியதா? சாய்ந்தே வளர்ந்த மரம் நுனியை மெல்ல மேல்நோக்கி வளைத்துக்கொண்டிருக்கும். அடியிலிருந்து நுனிவரை ஒரே நேராகச் சாய்ந்திருந்தால் அது அண்மையில் சாய்ந்த மரம்.

3. தூரிலோ வேரிலோ காளான் முளைத்திருக்கிறதா? தட்டினால் பொந்தின் ஓசை கேட்கிறதா? உள்ளே அழுகல் இருக்கலாம்.

4. மழைநீர் தூரில் தேங்குகிறதா? சிறு வாய்க்கால் எடுத்து வெளியேற்றுங்கள். அதை எடுக்கும்போதும் வேரை வெட்டாதீர்கள்.

5. தழை மிகுதியானால் நாற்புறமும் சமமாகக் கழித்து இலகுவாக்குங்கள். தலையை மொட்டையாக வெட்டாதீர்கள். அங்கே துளிர்க்கும் கிளைகளின் பிடிப்பு பலவீனமானது.

6. புதிதாய் நடும்போது, அந்த மரம் முழு வளர்ச்சியில் எவ்வளவு உயரமாகுமென்று கேட்டு, வீட்டிலிருந்து அதற்குத் தக்க தூரம் விடுங்கள். நாற்றுப் பையில் சுருண்டுகிடக்கும் வேரைப் பிரித்துவிட்டு நடுங்கள்.

மழைக்காலத்தில் மரம் புதிதாய்ச் சாய்ந்தது கண்டால் கயிறு கட்டி இழுக்க முயலாதீர்கள். முதலில் ஆட்களை அப்புறப்படுத்துங்கள். சாயும் பக்கத்து அறையில் அன்றிரவு எவரும் படுக்க வேண்டாம். பிறகு தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். மின்கம்பி அருகே இருந்தால் மின்வாரியத்துக்கும் சொல்லுங்கள். மரம் அயலாருடையது என்றால் அவரிடம் தனியே சென்று பணிவாய்ச் சொல்லுங்கள். கண்டும் சொல்லாமலிருந்து, விழுந்தபின் "நான் அப்போதே நினைத்தேன்" என்கிறவன் தன் அயலானுக்குச் செய்தது துரோகம்.

இறுதியாக, இழப்பை அடைந்தவர்களைப் பற்றி ஒரு சொல். மரம் விழுந்து பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போய், இது இன்ன பாவத்துக்கு வந்த தண்டனை என்று பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று எண்ணுவதை நமதாண்டவர் ஒப்புக்கொள்ளவில்லை என்பது அவர்களுக்கு நினைவிருக்கட்டும். மாண்டவனுடைய பாவத்தைத் தேடுவது எளிது. வெட்டுண்ட வேரைத் தேடுவது கடினம். அதைத் தேடினால் சில வேளை நம் கோடரியே அகப்படும்.

சர்வேசுரன் மழையைத் தருகிறார்; மண்ணையும் மரத்தையும் தந்திருக்கிறார். மண்ணின் பலம் இவ்வளவு, அதன் பலவீனம் இவ்வளவு என்று அறியும் புத்தியையும் தந்திருக்கிறார். அந்தப் புத்தியை உபயோகிக்காமல் விட்டுவிட்டு, விளைவை மட்டும் அவர் பெயரில் எழுதுவது நன்றியுள்ளவர் செய்யும் காரியமன்று. மழை வருமுன் இன்னும் சில உலர்ந்த நாட்கள் இருக்கின்றன. ஒரு நாள் மாலை மண்வெட்டியை ஒருபுறம் சாத்திவிட்டு, உங்கள் மரத்தின் தூரருகே சற்றுக் குனிந்து பாருங்கள்.

உங்கள் பங்குக் குரு